ஆங்கிலம் பரவுவதால் மற்ற மொழிகள் அழியுமா?

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஆங்கிலம் இப்படியே உலகம் முழுக்கப் பரவினால் மற்ற மொழிகள் மறைந்துவிடுமா என்பது ஒன்று. பிள்ளைகள் இரண்டு மொழியிலும் தேற வேண்டுமானால் பள்ளியிலும் வீட்டிலும் என்ன செய்ய வேண்டும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு என் பதில் இது: ஆங்கிலம் கற்பதால் எந்த மொழியும் அழிவதில்லை. தான் பார்த்துவந்த வேலைகளை ஒவ்வொன்றாக ஆங்கிலத்திடம் விட்டுக்கொடுக்கும் மொழிதான் நலிகிறது. இரண்டாவது கேள்விக்கு நீளமாகவே சொல்ல வேண்டும். அதிகம் தவறு நடப்பது அங்கேதான்.

ஆங்கிலம் இந்த இடத்துக்கு வந்த கதையை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இன்று அதைத் தாய்மொழியாகப் பேசுவோர் 40 கோடி அளவில் இருக்கிறார்கள். ஓரளவு பயன்படுத்தத் தெரிந்தவர்களையும் சேர்த்தால் சுமார் 150 கோடி என்று மதிப்பிடுகிறார்கள். ஆக, நான்கு பேரில் ஏறத்தாழ மூன்று பேர் அதைப் பிற்பாடு கற்றுக்கொண்டவர்கள். எளிமையான மொழி என்பதால் இத்தனை பேர் அதனிடம் போகவில்லை. எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று என்றிருக்கும் அதன் எழுத்துக்கூட்டலே போதும், அது எளிதல்ல என்று காட்ட. பிரிட்டிஷ் பேரரசு ஒரு காரணம். 1945-க்குப் பிறகு அமெரிக்காவின் பணமும் தொழில்நுட்பமும் இன்னொரு காரணம். அதிகம் பேசப்படாத காரணம் ஒன்றும் உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிவியலில் ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றும் கிட்டத்தட்டச் சம நிலையில் இருந்தன. வேதியியல் ஆராய்ச்சிக்கு வருபவர் ஜெர்மன் படித்தே ஆக வேண்டும். முதல் உலகப் போர் முடிந்ததும் சர்வதேச அறிவியல் அமைப்புகள் ஜெர்மானியரைச் சில ஆண்டுகள் ஒதுக்கி வைத்தன. அமெரிக்க மாநிலங்கள் பல, பள்ளிகளில் ஜெர்மன் கற்பிப்பதையே தடை செய்தன. அத்தகைய தடை செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1923-இல் தீர்ப்பளிப்பதற்குள் அங்கே ஜெர்மன் கல்வி சரிந்துவிட்டிருந்தது. 1933-க்குப் பிறகு நாஜிகளிடமிருந்து தப்பிய அறிவியலாளர்கள் பலர் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். நாடுகளுக்கு இடையிலான பேச்சுவார்த்தையில் பிரெஞ்சுக்கு இருந்த தனி உரிமையும் 1919-இல் முடிந்துபோனது. வெர்சாய் உடன்படிக்கை பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சம அதிகாரத்தோடு எழுதப்பட்டது. இவை எல்லாம் போரும் அரசியலும் எடுத்த முடிவுகள். இந்த மொழியால் இது முடியும், அந்த மொழியால் முடியாது என்று எவரும் சோதித்துப் பார்த்து எடுத்த முடிவு இதில் ஒன்றுகூட இல்லை.

இனி அழிவைப் பற்றி. ஆங்கிலம் மொழிகளை அழித்திருக்கிறது, சந்தேகமே இல்லை. எங்கே, எப்படி அழித்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஐரோப்பியர் வந்து இறங்கியபோது 250-க்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தன. குழந்தைகள் இன்றும் முதல் மொழியாகக் கற்று வளரும் பூர்வகுடி மொழிகள் அங்கே ஒரு டசன் அளவுக்குத்தான் மிஞ்சியிருக்கின்றன. வட அமெரிக்காவிலும் இதுவே நடந்தது. வந்தவர்கள் நிலத்தைப் பிடித்து, மக்களை விரட்டி, பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் வைத்துத் தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். நைஜீரியாவின் நிலை வேறு. அங்கே ஆங்கிலேயர் ஆண்டார்கள். பெரும் எண்ணிக்கையில் குடியேறவில்லை. 500-க்கும் மேற்பட்ட மொழிகள் அங்கே இன்றும் இருக்கின்றன. வடக்கே சிறு மொழிகளை நெருக்குவது ஹௌசா. தான்சானியாவில் அந்த இடத்தில் சுவாஹிலி, செனகலில் வொலோஃப். குடியேற்றம் நடந்த நாட்டையும் ஆட்சி மட்டும் நடந்த நாட்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று மொழியியலாளர் சாலிக்கோகோ முஃப்வேனே தொடர்ந்து வலியுறுத்தி வருகிறார். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ஒரு சிறு மொழியை வீட்டை விட்டு வெளியேற்றுவது, தெருவிலும் சந்தையிலும் தினமும் தேவைப்படும் மொழி. கோப்பிலும் நீதிமன்றத்திலும் மட்டும் இருக்கும் மொழிக்கு அந்த வலிமை இல்லை.

அப்படியானால் ஆங்கிலம் எப்போது ஆபத்தாகிறது? வீட்டுப் பேச்சில் முதலிடம் பிடிக்கும்போது. இதை எண்களோடு பார்க்கக் கிடைக்கும் இடம் சிங்கப்பூர். 1987 முதல் அங்கே எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே பயிற்றுமொழி. சீனம், மலாய், தமிழ் ஆகியவை தாய்மொழிப் பாடங்கள். தமிழ் அங்கே ஆட்சிமொழி. பள்ளியில் பாடம் உண்டு, தொலைக்காட்சி உண்டு, அரசின் நிதியும் உண்டு. இத்தனைக்குப் பிறகும், வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்று சொன்னவர்கள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 32.3 சதவீதம், 2020-இல் 48.3 சதவீதம். அதே பத்தாண்டில் தமிழ் 3 சதவீதத்துக்குச் சற்று மேலிருந்து 2.5-ஆகக் குறைந்தது. மாண்டரின், மலாய், சீன வட்டார மொழிகள் எல்லாமே இறங்கின. அங்கே தமிழை யாரும் தடுக்கவில்லை. படிப்பும் வேலையும் ஆங்கிலத்தில் நடந்ததால், அப்படிப் படித்து வளர்ந்தவர்கள் பெற்றோரானபோது பிள்ளையிடம் இயல்பாக வாயில் வந்தது ஆங்கிலம். தடையைவிட இது மெதுவாக வேலை செய்யும். எதிர்த்து நிற்பதும் கடினம், எதிரில் யாரும் இல்லை என்பதால்.

பள்ளியில் ஒரு பாடமாக வைத்தால் போதாது என்பதற்குப் பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸ் இன்னொரு சான்று. அதன் சொந்த மொழியான வெல்ஷ் வழிப் பள்ளிகள், 1982 முதல் தனித் தொலைக்காட்சி, 1993-இல் மொழிச் சட்டம் என்று அங்கே செய்யாத முயற்சி இல்லை. ஆனாலும் வெல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் 2011-இல் 19 சதவீதமாக இருந்து 2021-இல் 17.8 சதவீதமாகக் குறைந்தார்கள். பள்ளி பேசத் தெரிந்தவர்களை உருவாக்கும். அவர்கள் தங்கள் குழந்தையிடம் அதைப் பேசுவார்களா என்பது பள்ளியின் கையில் இல்லை.

வீட்டுக்கு அடுத்து, மேல்நிலை வேலைகள். ஒரு மொழியில் சட்டம் எழுதலாம், ஆய்வு செய்யலாம், இயந்திரத்தைப் பழுது பார்க்கச் சொல்லிக்கொடுக்கலாம் என்ற நிலை போய்விட்டால் அது சமையலறை மொழியாகச் சுருங்கும். இத்தாலியில் மிலான் பொறியியல் பல்கலைக்கழகம், 2014 முதல் முதுநிலை, முனைவர் வகுப்புகள் அனைத்தையும் ஆங்கிலத்திலேயே நடத்துவது என்று 2012-இல் முடிவெடுத்தது. அதன் பேராசிரியர்களே வழக்குத் தொடுத்தார்கள். 2017-இல் அரசியல் சாசன நீதிமன்றம், ஆங்கிலப் படிப்புகள் இருக்கலாம், ஆனால் இத்தாலியனை முற்றிலும் வெளியேற்றக் கூடாது என்றது. வசதியான ஐரோப்பிய மொழி ஒன்றுக்கே நீதிமன்றப் படியேற வேண்டி வந்தது என்பதைக் கவனியுங்கள்.

இரண்டு மொழியும் வேலையைப் பிரித்துக்கொண்டு வாழ முடியும் என்பதற்கு நான் எப்போதும் சுட்டுவது ஜப்பானிய இயற்பியலாளர் தோஷிஹிதே மஸ்கவாவை. 2008-இல் நோபல் பரிசு பெற்றபோது அவர் ஏற்புச் சொற்பொழிவை ஜப்பானிய மொழியிலேயே ஆற்றினார்; ஆங்கிலம் பேச வராது என்பதை அவர் மறைக்கவே இல்லை. ஆனால் பரிசுக்குக் காரணமான, மகோதோ கோபயாஷியோடு அவர் 1973-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஆங்கிலத்தில் இருந்தது. அதை வெளியிட்டது ஜப்பானிலிருந்து ஆங்கிலத்தில் வந்துகொண்டிருந்த ஓர் இதழ். படித்தது, விவாதித்தது, கரும்பலகை முன் நின்று சண்டை போட்டது எல்லாம் சொந்த மொழியில். உலகத்துக்கு அறிவித்தது மட்டும் ஆங்கிலத்தில். இப்படி அமைய ஜப்பானிய மொழியில் பல்கலைக்கழகப் பாடநூல்கள் முன்பே இருந்தாக வேண்டும். கலைச்சொல் பட்டியலை அச்சிட்டு வைத்துக்கொண்டால் அது நடக்காது. சொல் பாடநூலில் வர வேண்டும், ஆசிரியர் வாயில் வர வேண்டும், தேர்வுத்தாளில் வர வேண்டும். இந்த மூன்றும் இல்லாத கலைச்சொல், எவ்வளவு அழகாக இருந்தாலும் பத்தாண்டில் மறக்கப்படும்.

இனி பள்ளி. பெற்றோர் பலரின் கணக்கு எளிமையானது: ஆங்கிலம் வேண்டும், ஆகவே எல்லாப் பாடமும் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலத்தில் இருக்கட்டும். ஆசை நியாயமானது, வழிதான் தவறு. ஏன் என்று சொல்கிறேன்.

குழந்தை கற்கும் இரண்டாம் மொழியில் இரண்டு அடுக்கு உண்டு. விளையாட்டிலும் பேச்சிலும் வரும் மொழி ஓரிரு ஆண்டில் வந்துவிடும். பாடநூல் மொழி, அதாவது காரணம் சொல்வது, ஒப்பிடுவது, நிபந்தனையோடு யோசிப்பது, அதே வயதினருக்கு இணையாக வர 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும். ஜிம் கம்மின்ஸ் என்ற கனடிய ஆய்வாளர் 1980-களில் காட்டிய இந்த வேறுபாடு கல்வித்துறையில் இன்றும் அடிப்படையாக நிற்கிறது. அதுவும் அந்த மொழி சுற்றிலும் ஒலிக்கும் நாட்டில் எடுத்த கணக்கு. வகுப்பறைக்கு வெளியே ஆங்கிலமே கேட்காத இடத்தில் இன்னும் நீளும். பிள்ளை சரளமாக நாலு வாக்கியம் பேசுவதைப் பார்த்து, இனி அறிவியலையும் ஆங்கிலத்தில் படித்துக்கொள்வான் என்று முடிவு கட்டுவது இங்கே நடக்கும் முதல் தவறு.

ஒரு நான்காம் வகுப்புக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கழித்தல் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். ஆனால் ஆங்கில வினாவில் 'அட் லீஸ்ட்', 'அன்லெஸ்', 'ஈச்', 'அதர் தேன்' மாதிரி சிறு சொற்கள் வரும். கணக்கு முழுக்க அவற்றில்தான் தொங்கும். 'டிஃபரன்ஸ்' என்றால் வேறுபாடு என்று படித்தவனுக்கு, இங்கே கழித்து வரும் விடை என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பிள்ளை விடையை ஊகிக்கும், தவறும். கணக்கு வரவில்லை என்று மதிப்பெண் பட்டியல் சொல்லும். வராதது கணக்கு இல்லை, வாக்கியம்.

இதைச் சொற்களின் எண்ணிக்கையிலும் பார்க்கலாம். ஓர் ஆங்கில நூலை உதவியின்றிப் படித்துப் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம்) தேவை என்று மொழியியலாளர் பால் நேஷன் கணக்கிட்டார். மிக அதிகம் புழங்கும் 2,000 சொற்குடும்பங்கள் மட்டும் தெரிந்தவருக்குப் பாடத்துறை நூல்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பிடிபடும். அதாவது ஐந்து சொல்லுக்கு ஒன்று புரியாது. அப்படி ஒரு பக்கத்தைப் படித்து யாராலும் எதையும் கற்க முடியாது, மனப்பாடம்தான் செய்ய முடியும். ஆங்கில வழிப் பள்ளிகளில் மனப்பாடம் பெருகுவதற்கு ஆசிரியரின் சோம்பல் காரணமில்லை, இந்தக் கணக்குதான் காரணம்.

மாற்று வழி சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. நைஜீரியாவின் இலே-இஃபே நகரில் 1970-இல் தொடங்கிய ஆறாண்டுத் திட்டத்தைக் கல்வியாளர் பாபாதுண்டே ஃபாஃபுன்வா முன்னின்று நடத்தினார். ஒரு பிரிவுக்கு ஆறு ஆண்டும் எல்லாப் பாடமும் பிள்ளைகளின் தாய்மொழியான யோருபாவில். ஆங்கிலம் தனிப் பாடமாக, அதற்கென்றே அமர்த்தப்பட்ட ஆசிரியரிடம். மற்றப் பிரிவுக்கு வழக்கப்படி மூன்று ஆண்டு யோருபா, பிறகு ஆங்கிலம். யோருபா வழியில் படித்தவர்கள் மற்றப் பாடங்களில் முந்தினார்கள், ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை. ஆங்கில வழியை விட்டதால் ஆங்கிலம் போய்விடும் என்ற அச்சம் அங்கே பொய்த்தது. படிக்கக் கற்கும் திறன் ஒருமுறைதான் வர வேண்டும். தெரிந்த மொழியில் வந்துவிட்டால் அடுத்த மொழிக்குத் தானே பாயும்.

எதிர்த்திசையில் போன நாடுகளும் உண்டு. ருவாண்டா 2008-இல் பயிற்றுமொழியைப் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்ற முடிவெடுத்தது. ஆசிரியர்களில் பெரும்பாலோர் பிரெஞ்சில் பயிற்சி பெற்றவர்கள். 2011-இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு மக்களின் தாய்மொழியான கின்யருவாண்டா திரும்பி வந்தது, 2019-இல் மறுபடி ஆங்கிலம். மலேசியா 2003-இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்துக்கு மாற்றியது. 2009-இல் அந்தக் கொள்கையைக் கைவிடுவதாக அறிவித்தது. இரண்டு இடத்திலும் நெருக்கடி ஒன்றுதான்: கிராமப்புற வகுப்பறையில் ஆசிரியருக்கே அந்த மொழி வசப்படவில்லை. ஆசிரியர் தனக்குத் தெரிந்த பாடத்தைத் தனக்குத் தெரியாத மொழியில் நடத்தும்போது விளக்கம் குறையும், கேள்வி கேட்பது நிற்கும், கரும்பலகையைப் பார்த்து எழுதுவது மட்டும் மிஞ்சும்.

ஆகவே நான் பரிந்துரைப்பது இந்த வரிசை. குறைந்தது முதல் ஆறு ஆண்டுகள், முடிந்தால் எட்டு, வீட்டு மொழியில் பாடம். ஆங்கிலம் முதல் வகுப்பிலிருந்தே இருக்கலாம். ஆனால் கேட்கும், பேசும், பாடும் பாடமாக. எழுத்து, வீட்டு மொழியில் படிக்க வந்த பிறகு. வாரத்தில் ஒருநாள் இரண்டு மணி நேரம் என்பதைவிடத் தினமும் அரை மணி நேரம் நல்லது, இடைவெளியில் மறந்துபோவது குறையும். பிறகு மாற வேண்டியிருந்தால் ஒரே ஆண்டில் எல்லாப் பாடத்தையும் மாற்றாதீர்கள். குறியீடுகள் அதிகமுள்ள கணிதம் முதலில், அறிவியல் அடுத்து, நீண்ட பத்திகள் நிறைந்த வரலாறு கடைசியில். மாறும் ஆண்டுகளில் வினாத்தாள் இரு மொழியிலும் இருக்கட்டும், விடையை எந்த மொழியில் எழுதினாலும் திருத்தட்டும். மாறிய பிறகும் வீட்டு மொழியைப் பாடமாகத் தொடர வேண்டும். அதில் கதை கவிதை மட்டும் போதாது. அறிவியல் கட்டுரை, விண்ணப்பம், செய்முறை விளக்கம் எழுதவும் பழக்க வேண்டும்.

கற்கும் ஆங்கிலம் எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். உலகில் நடக்கும் ஆங்கில உரையாடல்களில் பெரும்பங்கில் இரு பக்கமும் அதைக் கற்றவர்களே. அவர்களுக்குள் புரிதல் எங்கே உடைகிறது என்று மொழியியலாளர் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் ஆராய்ந்து 2000-இல் முடிவுகளை வெளியிட்டார். நாக்கைப் பல்லிடுக்கில் வைத்து ஒலிக்கும் 'த' ஒலிக்காக வகுப்புகளில் படும் பாடு வீண். அது வராவிட்டாலும் யாருக்கும் புரியாமல் போவதில்லை. புரியாமல் போவது நெடில் குறில் மாறும்போது, சொல்லின் தொடக்கத்தில் சேர்ந்து வரும் மெய்களில் ஒன்றை விழுங்கும்போது, வாக்கியத்தில் அழுத்தம் தவறான சொல்லில் விழும்போது. மெய்யை விட்டுவிடுவதைவிட நடுவே ஓர் உயிரொலியைச் சேர்ப்பது குறைவாகவே கெடுக்கும். லண்டன்காரர் மாதிரி பேச வைக்கிறோம் என்று பணம் வாங்குபவர்கள் விற்பது தேவையற்ற சரக்கு.

வேலைக்கேற்ற ஆங்கிலம் என்பதை மிகத் துல்லியமாக வரையறுத்தது விமானத்துறை. 1990-இல் நியூயார்க் அருகே கொலம்பிய விமானம் ஒன்று எரிபொருள் தீர்ந்து விழுந்து 73 பேர் இறந்தார்கள். எரிபொருள் தீர்கிறது என்று சொன்ன விமானிகள், அவசரநிலையை அதற்குரிய வரையறுத்த சொல்லால் அறிவிக்கவில்லை. இது போன்ற விபத்துகளின் படிப்பினையாகச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு ஆறு படிநிலைகள் கொண்ட தேர்வுமுறையை வகுத்தது. உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், புரிதல், உரையாடல் ஆகிய ஆறிலும் தனித்தனி மதிப்பெண். ஆறில் எது மிகக் குறைவோ அதுவே இறுதி நிலை. வெளிநாட்டுப் பறப்புக்கு நான்காம் நிலை வேண்டும். நான்கில் இருப்பவர்களுக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும், ஐந்தில் இருப்பவர்களுக்கு ஆறு ஆண்டுக்கு ஒருமுறையும் மறுதேர்வு பரிந்துரைக்கப்படுகிறது. இலக்கிய ஆங்கிலமும் நுனிநாக்கு ஆங்கிலமும் இதில் எங்கும் கேட்கப்படவில்லை. செவிலியர், மாலுமி, கணினிப் பொறியாளர் என ஒவ்வொரு தொழிலுக்கும் இப்படி அளந்து வைத்தால், ஆங்கிலத்துக்காகக் குழந்தைப் பருவம் முழுவதையும் அடகு வைக்க வேண்டியிராது.

பேச்சில் ஆங்கிலச் சொல் கலப்பதைப் பற்றி நிறைய கோபம் பார்க்கிறேன். அதைவிடக் கவலைப்பட வேண்டியவை வேறு இருக்கின்றன. 'டவுன்லோட் பண்ணிக்கொண்டிருந்தார்கள்' என்பதில் அயலானது முதல் துண்டு மட்டும். காலம், தொடர்ச்சி, பன்மை எல்லாம் தமிழ் இலக்கணத்தில் நிற்கின்றன. கடன் வாங்கிய மொழி சாவதில்லை. ஆங்கிலமே பிரெஞ்சிலிருந்தும் லத்தீனிலிருந்தும் வாங்கிக் குவித்த மொழிதான். ஆனால் ஒரு பத்தியை முழுதாக ஒரே மொழியில் எழுத முடியாத தலைமுறை வந்தால், அது மொழி புழங்கிய இடங்கள் கைநழுவிய அறிகுறி. வீட்டில் செய்யக்கூடியது ஒன்று: பிள்ளையைத் திருத்திக்கொண்டே இருக்காமல், பள்ளியில் ஆங்கிலத்தில் படித்ததை வீட்டு மொழியில் விளக்கச் சொல்லுங்கள். ஒளிச்சேர்க்கையை வீட்டு மொழியில் ஐந்து நிமிடம் சொல்ல முடிந்தால் மொழியும் இருக்கிறது, பாடமும் புரிந்திருக்கிறது.

கடைசியாகக் கணினி. யூனிகோடு என்பது எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான கணினிக் குறியீட்டு முறை. அந்த எழுத்துகளைச் சேமிக்கப் பரவலாகப் பயன்படும் யூடிஎஃப்-8 முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் (கணினிச் சேமிப்பின் சிறு அலகு), தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 'கு' என்பது ககரமும் உகரக் குறியுமாக இரண்டு என்பதால் ஆறு பைட். ஆங்கிலத்தை மையமாக வைத்துப் பழக்கப்பட்ட செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் இத்தகைய எழுத்துகளைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டுகின்றன. அதே செய்திக்கு அதிகத் துண்டு, அதிகச் செலவு, குறைவான தரம். இதைச் சரிசெய்ய அந்த மொழியில் நல்ல உரைநடை ஏராளமாக இணையத்தில் இருக்க வேண்டும். பல மொழிகளில் உரை இல்லாமல் இல்லை, எந்திரம் படிக்கும் வடிவில் இல்லை. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளும், படமாக வருடி ஏற்றிய புத்தகங்களும் தேடுபொறிக்கு வெற்றுத் தாள்தான். கையில் அப்படிப்பட்ட கோப்பு இருந்தால் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும், எண்கள் சிதைந்திருக்கும், ஒருமுறை மூலத்தோடு வைத்துச் சரிபாருங்கள். படமாக இருந்தால் எழுத்துணரி (ஓசிஆர்) மென்பொருள் வழியாக உரையாக்கி, பிழை திருத்தி, தலைப்பு, ஆசிரியர், ஆண்டு ஆகியவற்றைக் குறிப்பிட்டு, பதிப்புரிமை இடம் கொடுக்கும் நூல்களை யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு ஏற்றுங்கள்.